சாய்ந்தாலும் சுழலும் உருக்கு

பெரகல சந்தியில் ஒரு பாதை ஹப்புத்தளைக்கு ஏறுகிறது, ஒன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. சுற்றிலும் தேயிலைச் சரிவு. அடைமழை பிடித்தால் இந்த மண் நிலையாக இருக்காது. அடித்தளம் ஒரு நூல் இறங்கினாலும் போதும், தேயிலை ஆலையான ஸ்டோருக்குள் ஓடும் நீளத் தண்டு நேர் தப்பிவிடும். நேர் தப்பிய தண்டையும் நோகாமல் தாங்கும் பொருள் ஒன்று உண்டு: ஸ்பெரிக்கல் ரோலர் பேரிங்.

அது பிறந்ததும் இதே தொல்லையில்தான். சுவீடனின் கோத்தன்பர்க் நகரம் களிமண் நிலம். அங்கே ஒரு துணி ஆலையில் கட்டடம் அமிழ, தண்டுகள் கோணி, பேரிங்குகள் ஓயாமல் பழுதாயின. ஆலைப் பொறியாளர் ஸ்வென் விங்க்விஸ்ட் 1907இல் தானே நேராகிக்கொள்ளும் இரட்டை வரிசைக் குண்டு பேரிங்கை அமைத்தார், எஸ்.கே.எஃப். நிறுவனம் அதிலிருந்து எழுந்தது. குண்டுகள் பெரும் பாரம் தாங்கா. 1919இல் அங்கேயே ஆர்விட் பாம்கிரன் குண்டுகளின் இடத்தில் உருளைகளை வைத்தார்.

அந்த உருளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மத்தளம்போல நடு பருத்து, முனை ஒடுங்கியிருக்கும். வெளி வளையத்தின் உட்புறமோ ஒரு கோளத்திலிருந்து வெட்டியெடுத்த பட்டை. ஆகவே உள் வளையமும் உருளைகளும் ஒன்றாக ஒன்றரை, இரண்டு பாகை சாய்ந்தாலும் தொடும் பரப்பு குறையாது. உறுதியையும் இளக்கத்தையும் ஒரே உருக்கில் சேர்த்த இந்த வடிவத்துக்கு நிகராக இயந்திர உலகில் நான் எதையும் ரசித்ததில்லை.

பூட்டுவதும் ஒரு கலைதான். பேரிங்கின் எண் 22212 கே என்றால் உள்விட்டம் 60 மில்லிமீட்டர், கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் வரும். சரிவான துளை, ஸ்லீவ் போட்டு 55 மில்லிமீட்டர் தண்டில் ஏற்றுவார்கள். நட்டை இறுக்க இறுக்க உருளைக்கு மேலுள்ள இடைவெளி சுருங்கும். 0.03, 0.04 மில்லிமீட்டர் சுருங்கியதும் கை நிற்க வேண்டும். ஃபீலர் கேஜின் தகடு நுழையும்போது விரலில் படும் அந்த உரசலை நல்ல பிட்டர் கண்ணை மூடிக்கொண்டே அறிவார். ஓடத் தொடங்கியபின் ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பேரிங்கின் கூடான பிளம்மர் பிளாக்கில் ஊன்றிப் பிடியில் காது வைப்பார். சீரான முனகல் என்றால் சரி. கரகரத்தால் உள்ளே தூசியோ கிரீஸ் வறட்சியோ.

தோட்டங்களில் மிஷின்களின் காவல் தெய்வமான ரோதைமுனிக்குப் பூசை வைத்துத்தான் மிஷினைத் தொடுவார்கள். அந்த மரியாதை பேரிங்குக்கும் சேரட்டும்: கிரீஸ் துப்பாக்கியை வைக்குமுன் நிப்பிளைத் துடையுங்கள், விலை மலிந்த போலிப் பெட்டியை வாங்காதீர்கள்.