கொழுந்திலிருந்து அருவிக்கு

97 மீட்டர் உயர டெவன் அருவி ஹட்டன்–தலவாக்கலை வீதியில் நின்றாலே தெரியும். கண் குவிவதை ரசிக்க அந்த வீதியோரம் நல்ல இடம். தேவை ஒரு தேயிலைக் கொழுந்து மட்டுமே. ஒரு கண்ணை மூடி, கொழுந்தை மறு கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தால், மொட்டின் மேலுள்ள வெள்ளி ரோமம் தெளிகிறது. பின்னால் அருவி வெறும் வெள்ளைக் கறை. பார்வை அருவிக்குப் போனதும் கொழுந்து பச்சைப் புகையாகக் கரைகிறது. மாறுவதற்கு ஒரு நொடி போதும்.

ஒளியை வளைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முன்புற விழிவெண்படலத்துடையது. ஆனால் அதன் வளைவு மாறாது. மாறுவது உள்ளிருக்கும் வில்லை. நுண்ணிய நார்கள் வில்லையை அதைச் சுற்றியுள்ள பிசிர்த்தசையோடு பிணைக்கின்றன. தசை சுருங்கினால் நார் இறுகும் என்றுதான் தோன்றும், நடப்பது நேர்மாறு. வளையமான தசை சுருங்கும்போது நார்கள் தளர, வில்லை தானே தடிக்கிறது. விழிவெண்படலத்தின் பங்கை நீரால் நீக்கியும் குவியம் மாறுவதை 1801இல் தோமஸ் யங் தன் கண்ணிலேயே சோதித்துக் காட்டினார். தசையின் வேலையை 1855இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார்.

ஆறு மீட்டருக்கு அப்பால் பார்க்கும் நல்ல கண்ணுக்கு அநேகமாக வேலையே இல்லை. எதிர்மலைத் தொழிலாளர் லயமும் 2,243 மீட்டர் உயரச் சிவனொளிபாதமலையும் அதற்கு ஒன்றுதான். உழைப்பெல்லாம் கிட்டத்தில்.

நுவரெலியாவில் பனிமூட்டம் இறங்கினால் வேறொரு வேடிக்கை. பற்றிக்கொள்ள விளிம்பு ஏதுமில்லாத வெண்மையில், தூரத்தைத் தேடும் கண் தன்னையறியாமல் ஓரிரு மீட்டரில் குவிந்து நிற்கும். மூட்டம் விலகி முதல் நிழல் மரம் தோன்றும் கணத்தைத் தவறவிடக்கூடாது: சற்றே மங்கலாக வந்து, பிறகு கிளை கிளையாகக் கூர்மையாகும்.

வயது ஏற ஏற வில்லை விறைத்துப்போகிறது. நாற்பதுகளில் வரும் வெள்ளெழுத்து இதுதான். ஒரு சாண் தூரத்துக் கொழுந்து அப்போது தெளியாது, கை நீட்டிப் பிடிக்க வேண்டும். செடியின் மேல்மட்டம் பார்க்க மட்டக்கம்பு வைத்துப் பறிக்கும் கொழுந்து கைநீளத்தில் இருப்பதால் அதற்கு இன்னும் சில ஆண்டுகள் கண்ணாடி தேவைப்படாது. சம்பளச் சீட்டின் பொடி எழுத்துக்குத்தான் முதலில் தேவைப்படும்.