மூன்றாவது ஆள்

டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில், சின்னம்மா வீட்டில், போன மாதம் மறுபடியும் ‘மொழி’ பார்த்தேன். பக்கத்தில் தங்கச்சி. வயது 21, பிறவியிலேயே காது கேட்காது.

2007இல் வந்த ராதாமோகனின் இந்தப் படத்தை நம்மில் பலர் கொண்டாடியிருக்கிறோம். நானும்தான். காது கேளாத அர்ச்சனாவைப் பரிதாபத்துக்குரியவளாக்காமல் கோபமும் தன்மானமும் உள்ள பெண்ணாகக் காட்டியது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்த முறை என் கண் ஷீலாவிடமே நின்றது. கார்த்திக் சைகைமொழி கற்றுக்கொள்ளும்வரை இருவருக்கும் நடுவில் பேசுபவள் அந்தத் தோழிதான். படத்தில் அது கலகலப்பாகப் போகிறது. நிஜத்தில் அந்த இடத்தில் அம்மா நிற்பார். கிளினிக்கில் மாதவிலக்குக் கோளாறைச் சொல்வதும் அம்மா, டாக்டரின் பதிலை வெட்டிச் சுருக்குவதும் அம்மா. டாக்டர் பத்து நிமிஷம் பேசியிருப்பார். மகளுக்கு வந்து சேர்வது, “ஒண்ணுமில்ல, மருந்து சாப்பிடணுமாம்.”

காது கேட்கும் நமக்கும் இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. சமையலறையில் பெரியம்மாக்கள் குசுகுசுத்தது, பள்ளி பஸ்ஸில் பையன்கள் அளந்தது என்று பாதி சரியும் பாதி தப்புமாகக் காதில் விழுந்தது. தங்கச்சிக்கு அந்தத் தப்பான பாதிகூடக் கிடைக்கவில்லை. பள்ளியில் அவள் கற்றது மலாயும் மலேசிய சைகைமொழியும். வீட்டில் தமிழ். சின்னம்மாவுக்குத் தெரிந்த சைகைகள்: சாப்பிடு, தூங்கு, சீக்கிரம், வெட்கமில்லையா. 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டம் அங்கீகரித்த மொழி இன்னும் அந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை.

கொரியாவின் ‘டொகானி’ (2011) ஞாபகம் வந்தது. குவாங்ஜுவில் காது கேளாதோர் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்ன படம். அந்த ஆண்டே அங்கே சட்டம் மாறியது. அதில் உடல் என்றாலே வன்முறை. ‘மொழி’யிலோ உடலே கிடையாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இளம்பெண் தெரிந்துகொள்ள வேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

பிறக்கும் குழந்தையும் தன்னைப்போல் ஆகிவிடுமோ என்று அர்ச்சனா பயப்படுகிறாள். அந்தப் பயத்தைக் காதலால் கடந்துபோகிறது படம். எனக்கு அது எப்போதும் உறுத்தியதில்லை. தங்கச்சி படத்தை நிறுத்தி, கைப்பேசியில் மலாயில் டைப் செய்தாள்: “எனக்கும் அப்படித்தான் பிறக்குமா?”

காது கேளாத பெற்றோர் பெரும்பாலோருக்குக் கேட்கும் பிள்ளைகள்தான் பிறக்கிறார்கள், மரபணுச் சோதனையும் உண்டு என்று எழுதிக் காட்டினேன். படித்தாள். உடனே அடுத்த கேள்வியை டைப் செய்து நீட்டினாள்.

நான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், சின்னம்மா வருகிறாரா என்று.