22 டன்னும் ஒற்றை நாற்றும்

ஒற்றை நாற்று நடவைப் புகழும் கட்டுரைகளில் தர்வேஷ்புரா தவறாமல் வந்துவிடும். பீகாரின் அந்தக் கிராமத்தில் 2011-இல் ஹெக்டேருக்கு 22.4 டன் நெல் விளைந்ததாம். கணக்கு சரியா என்ற சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும் (சீனாவின் யுவான் லோங்பிங்கே நம்பவில்லை). என்னை உறுத்துவது வேறு. அங்கே நட்டது வீரிய ஒட்டு ரகம் என்பதைப் பலர் எழுதுவதே இல்லை.

முறை பொய்னு சொல்ல வரல. 1980-களில் மடகாஸ்கரில் பாதிரியார் லொலானியே உருவாக்கியது இது. பதினைந்து நாளுக்குள் நாற்றை எடுத்து, குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் நட்டால், தூர் வெடிக்க நேரமும் இடமும் கிடைக்கும். ஆனா எத்தனை தூர் வெடிக்கும் என்பதில் ரகத்துக்கும் பங்கு உண்டே! தூர் குறைவாகக் கட்டும் குறுகிய கால ரகத்தை ச.மீட்டருக்கு 16 குத்து மட்டும் நட்டால், வயல் மூடாது. கட்டுரையை நம்பி அப்படி நடுகிறவருக்கு ஒரு போகம் போச்சு.

எதிர்த்தரப்பும் யோக்கியமில்லை. 1966-இல் வந்த ஐ.ஆர்.8-ஐ, குட்டை மரபணு மட்டுமே விளையவைத்தது போல எழுதுகிறார்கள். அந்த மரபணு செய்தது, உரம் போட்டாலும் பயிரைச் சாயாமல் நிறுத்தியது. உரமும் தண்ணியும் இல்லாத வயலில் அதுக்கு என்ன வேலை?

அடுத்த முறை யாராவது டன் கணக்கு சொன்னால், முதலில் ரகம் என்னன்னு கேளுங்க. பக்கத்து வயலில் அதே ரகத்தைப் பழைய முறையில் நட்டு, அதே உரம் போட்டு அறுத்துப் பார்த்தார்களான்னும் கேளுங்க.