தெருவைப் படிக்காத வாசிப்பு

பாமாவின் 'கருக்கு' (1992), படிச்சு மேல வந்த பொண்ணோட கதை என்று பலரும் பேசி முடித்துவிடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. பாமா தன்னிலிருந்து தொடங்கவில்லை, ஊரிலிருந்து தொடங்குகிறார். தபாலாபீசு, பஞ்சாயத்து, பெரிய கடைகள், சர்ச்சு, பள்ளிக்கூடம் எல்லாம் அவுங்க தெருவுல. சிலேட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிற நம் பிள்ளை, அனா ஆவன்னாவுக்கு முன்னால் ஒதுங்கி நடக்கப் படிக்கிறது.

வடைப் பொட்டலத்தைச் சரட்டில் பிடித்துக்கொண்டு போன பெரியவரைக் கண்டு சிரித்தபோது பாமா மூணாங்கிளாஸ். அது ஏன் என்று அண்ணன் சொல்லித்தான் புரிகிறது. நல்லாப் படி என்றும் அண்ணனே சொல்கிறார். படித்தார். ஆனா ஊரை விட்டு, விடுதியில் தங்கித்தானே படிக்க முடிந்தது? விடுதி கிடைக்காத பிள்ளைகள்? அந்தத் தெருப் பிள்ளைகள் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போனதும் இதே புத்தகத்தில்தான் இருக்கிறது. மதிப்புரைக்காரர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகிறார்கள்.