ஸ்கா இசையும் மரபு வழுவும்

ஜமெய்க்காத் தீவில் 1950களின் இறுதியில் தோன்றிய ஸ்கா என்னும் ஆடலிசையை விரும்புவோரிடையே நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. ஒரு குழு புகழ் பெற்றுப் பாப் பாட்டின் பக்கம் சாயுமாயின், அதனை இனியும் ஸ்காக் குழு எனல் தகுமா என்பதே அவ்வழக்கு. பழையன கழிதல் பற்றி நன்னூலார் கூறியதைக் காட்டி இதனை முடித்துவிடுதல் எளிது. அஃது ஆராய்ச்சி ஆகாது. தகாது என்பாரின் அச்சத்தில் உண்மை உண்டு. அவர் காட்டும் காரணமே பொருந்தவில்லை.

விற்பனையை அவர் குற்றமாகக் கொள்வர். பிறப்பை நோக்கின் இக்கூற்று நில்லாது. அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் இசையை வானொலியிலும் இசைத்தட்டிலும் கேட்டுப் பழகிய கிங்ஸ்டன் நகர மக்கள், பெரிய ஒலிபெருக்கிகளை நிறுத்தி ஆடிய கூட்டங்களிலேயே ஸ்கா உருப்பெற்றது. மில்லி ஸ்மால் என்னும் ஜமெய்க்கப் பெண் இலண்டனில் பாடி 1964இல் வெளிவந்த 'மை பாய் லாலிபாப்', இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனை வரிசையில் இரண்டாம் இடம் பெற்றது. அதுவும் பார்பி கே 1956இல் பாடிய அமெரிக்கப் பாட்டின் மறுவடிவமே. எனினும் அதனை ஸ்கா அன்று என்பார் அரியர்.

எனின், எல்லை யாது? தாளமே எல்லை. ஒவ்வொரு தட்டிற்கும் அடுத்த அரை இடத்தில் கிதாரோ பியானோவோ வெட்டி ஒலிப்பது ஸ்காவின் உயிர். நம் இசையில் அரை இடம் என்பது பாட்டின் எடுப்பைப் பற்றியது. இங்கோ அழுத்தம் பாட்டு முழுவதும் அவ்விடத்தே நிற்கும். ஊதுகருவிகள் அதற்கு அணி; அவை இருந்தும் ஸ்கா அமையாதொழிதல் உண்டு.

மேட்னஸ் என்னும் இலண்டன் குழுவே இதற்குச் சான்று. ஜெரி டாமர்ஸ் கவன்ட்ரி நகரில் நிறுவிய டூ-டோன் நிறுவனம் 1979இல் வெளியிட்ட 'தி பிரின்ஸ்' இவர்தம் முதல் இசைத்தட்டு. ஜமெய்க்கப் பாடகர் பிரின்ஸ் பஸ்டரைப் போற்றுவது. குழுவின் பெயரே அவர் பாட்டொன்றின் பெயர். அங்கே அரை இடத்து அழுத்தம் பாட்டைச் சுமந்து செல்கிறது. 1982இல் வந்த 'அவர் ஹவுஸ்' பாட்டிலோ வயலின் முதலிய நரம்புக் கருவிகள் முன்வர, அவ்வழுத்தம் பின்னொதுங்கிவிடுகிறது. சாக்சபோன் உண்டு; ஸ்கா இல்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வை நகையும் பரிவும் தோன்றக் காட்டும் நல்ல பாட்டு அது. வகை கூறுதல் வேறு, தரம் கூறுதல் வேறு என்பதை இருதிறத்தாரும் மறந்து வாதிடுகின்றனர்.

அச்சத்தில் உண்மை உண்டு என்றது இதனால்: பெயர் புகழுடைய குழுவோடு போய்விடின், அதனை ஆக்கியோர் மறக்கப்படுவர். 1964இல் கூடி 1965இல் கலைந்த ஸ்கட்டலைட்ஸ் குழுவினர் 1983இல் மீண்டும் கூடியபோது, அக்குழுவில் டிராம்போன் வாசித்த டான் டிரம்மண்ட் இல்லை. அவர் 1969இலேயே மறைந்துவிட்டார். அவர் வாசிப்பை ஒருமுறையும் கேளாதவர் இவ்வழக்கில் தீர்ப்புக் கூற முந்துதல் வியப்பே.