விலை போகாத பந்துவீச்சாளர்கள்

பெங்களூரு ஆஸ்டின் டவுன் கால்பந்துப் பேட்டைதான். ஆனாலும் ஐபிஎல் ஏலம் நெருங்கினால் இங்கேயும் பேச்செல்லாம் ஆர்சிபி. பந்து போட யாரை எடுத்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. 2023 டிசம்பர் ஏலத்தில் அணி அல்சாரி ஜோசப்பை 11.5 கோடிக்கு எடுத்தது. முதலில் யாரும் கேட்காத ஸ்வப்னில் சிங்கைக் கடைசியில் 20 லட்சத்துக்கு எடுத்தது. ஜோசப் மூன்று ஆட்டங்களில் ஒரே விக்கெட். எட்டில் ஏழு தோற்றுக் கிடந்த அணி ஹைதராபாத்தில் ஸ்வப்னிலை இறக்கியது. ஒரே ஓவரில் மார்க்ரமையும் கிளாசனையும் சாய்த்தார். அங்கிருந்து வரிசையாக ஆறு வெற்றி, பிளேஆஃப்.

இதைக் காட்டி, மலிவாக எடுப்பதே கெட்டிக்காரத்தனம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் ஏன் மலிந்தார் என்று கண்டுபிடிப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சந்தீப் சர்மா நூறு விக்கெட் தாண்டியவர். 2023 சீசனுக்கான ஏலத்தில் விலை போகவில்லை. வேகம் குறைவு, புதுப்பந்துக்கு மட்டும்தான் ஆவார் என்ற முத்திரை விழுந்திருந்தது. பிரசித் கிருஷ்ணாவுக்குக் காயம்பட்டதால் ராஜஸ்தான் அவரைச் சேர்த்தது, கடைசி ஓவர்களைக் கொடுத்தது. அந்த ஏப்ரலில் சேப்பாக்கத்தில் தோனியும் ஜடேஜாவும் களத்தில் நிற்க, கடைசி ஓவரில் 21 ரன் தேவை. தோனி இரண்டு சிக்ஸர் அடித்தும் ராஜஸ்தான் மூன்று ரன்னில் வென்றது. அடுத்த ஆண்டு மும்பைக்கு எதிராக 18 ரன்னுக்கு ஐந்து விக்கெட். அவர் திறமை மாறியதைவிட அவருக்குக் கொடுத்த வேலை மாறியதுதான் முக்கியம்.

பேஸ்பாலில் ஓக்லாந்து அணி சாட் பிராட்ஃபோர்டிடம் பார்த்ததும் இதைத்தான். கை தரையை உரசுவதுபோல் எறிகிறார், வேகமும் இல்லை என்று மற்றவர்கள் ஒதுக்கினார்கள். ஓக்லாந்து அவர் எத்தனை பேரை ஆட்டமிழக்கச் செய்கிறார் என்று கணக்குப் பார்த்தது.

அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவருவதில்தான் சிக்கல். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்குகிற எறிவாளர் ஒரே நாளில் தொண்ணூறு, நூறு பந்து எறிவார். ஐபிஎல்லில் நான்கு ஓவர் என்றால் 24 பந்து. லீகின் பதினான்கு ஆட்டமும் முழுதாகப் போட்டாலும் 336. அங்கே நான்கு ஆட்டத்தில் சேர்கிற தகவல் இங்கே ஒரு சீசனில்கூடச் சேர்வதில்லை. இவ்வளவு குறைந்த பந்துகளில் நல்ல காலத்தையும் திறமையையும் பிரித்தறிவது கடினம். 50 லட்சத்துக்கு வந்த மோகித் சர்மா 2023இல் 27 விக்கெட் எடுத்தார். அடுத்த ஏப்ரலில் அதே மோகித் நான்கு ஓவரில் 73 ரன் கொடுத்தார். ஐபிஎல்லில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

சந்தை பாடம் கற்றுக்கொள்வதும் தாமதமாகத்தான். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை 2018இல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து இரண்டு சீசன் உட்காரவைத்தது. 2020இல் 16 விக்கெட். பிறகு வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர் அந்தப் பயணத்திலேயே மூன்று வடிவத்திலும் இந்தியாவுக்கு ஆடினார். 2025 சீசனுக்கு டெல்லி அவருக்குக் கொடுத்த விலை 10.75 கோடி. ஆடவைத்தது இரண்டே ஆட்டம். 40 லட்சத்தில் அவரிடம் இருந்ததைப் பார்க்காதவர்கள், 10.75 கோடியில் அவரை எதற்கு வாங்கினோம் என்றும் யோசிக்கவில்லை.

என்னை உறுத்துவது இன்னொன்று. மலிவாக எடுக்கும் இந்த முறையில் லாபம் அணிக்கு, ஆபத்து வீரருக்கு. கோடிகளில் வாங்கப்பட்டவர் நாலு ஆட்டம் சொதப்பினாலும் போட்ட பணத்துக்காக அணி பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அடிப்படை விலைக்காரருக்கு ஒரு மோசமான ஓவரே போதும், பெஞ்சுக்குப் போய்விடுவார். 2025இலிருந்து ஆட்டம் ஒன்றுக்கு 7.5 லட்சம் சம்பளம் என்று கிரிக்கெட் வாரியம் கொண்டுவந்தது உண்மையிலேயே நல்ல திருத்தம். அடிப்படை விலைக்கு வந்தவர் பதினான்கு ஆட்டம் ஆடினால் ஒரு கோடிக்கு மேல் சேரும். ஆனால் அது களத்தில் இறங்குகிறவர்களுக்குத்தான். 2022இல் மோகித் குஜராத்துக்கு வலையில்தான் பந்து போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மோகித்தைத் தேடுகிற அணிகள், வலையில் இருப்பவர்களுக்கும் ஆண்டு ஒப்பந்தம் போடட்டும்.