கலைக்கல்வியும் தொழிற்கல்வியும்: ஒரு மறுநோக்கு

கலைக்கல்வி பயனற்றது, தொழிற்கல்வியே வேலை தரும் என்னும் கூற்று இலங்கையிற் புதிதன்று. 1971இல் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழிலாளர் தாபனக் குழு, கற்றோர் எதிர்பார்த்த உத்தியோகங்களுக்கும் நாட்டில் இருந்த வேலைகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டியது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் பாடசாலைகளிலே தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. 1977இன் ஆட்சி மாற்றத்தை அடுத்து அம்முயற்சி கைவிடப்பட்டது.

இதனை மதிப்பிட, கானா நாட்டை ஆதாரமாகக் கொண்டு பிலிப் பொஸ்ரர் 1965இல் எழுதிய கட்டுரை துணைபுரியும். மாணவர் ஏட்டுக்கல்வியை நாடியது அறியாமையினால் அன்று. ஊதியமும் மதிப்பும் அலுவலக உத்தியோகங்களைச் சார்ந்திருந்தமையால், அவர்களுக்கு ஏட்டுக்கல்வியே தொழிற்கல்வியாயிற்று என்பது அவர் வாதம். பாடத்திட்டம் மாறுவதால் மட்டும் ஊதிய அமைப்பு மாறிவிடாது.

ஆயினும், உத்தியோகத்துக்கு அப்பால் கலைக்கல்வியின் பணி யாது என்னும் வினா அவ்வாதத்தின் எல்லைக்குள் அடங்கவில்லை. விரிவுரைக் குறிப்புக்களை மனனஞ்செய்து பரீட்சையில் ஒப்புவிப்பது கலைக்கல்வி ஆகாது. அது எழுதுவினைஞருக்கான பயிற்சியே. அரச உத்தியோகம் அருகியபோது தோல்வியுற்றது அப்பயிற்சியேயன்றிக் கலைக்கல்வி அன்று. அது இங்கு முழுமையாகச் சோதிக்கப்படவேயில்லை.

தன் கூலி எவ்வாறு நிர்ணயிக்கப்படுகின்றது என வினவும் அறிவு தச்சுத்தொழிலாளிக்கும் வேண்டும். உழைப்பின் இயல்பை அறியும் பக்குவம் வரலாற்று மாணவனுக்கும் வேண்டும். வசதி படைத்தோர் பிள்ளைகளுக்குச் சிந்தனை, ஏழைப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் எனப் பகுக்கும் எத்திட்டமும் கல்வியின் பெயரால் வர்க்கப் பிரிவினையையே நிலைநிறுத்தும்.